பல்கலைக்கழக அனுமதிக் கைநூல்: இடம் சொல்லும், செலவு சொல்லாது

உயர்தரம் எழுதி முடித்த பிள்ளையின் வீட்டில் முதலில் திறக்கவேண்டியது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூல்தான். தமிழிலும் உண்டு, இணையத்தில் இலவசமாக இறக்கலாம். எந்தப் பாடநெறிக்கு இடம் கிடைக்கக்கூடும் என்று பார்க்க இதைவிட நம்பகமான நூல் கிடையாது. ஆனால் நான்கு வருடம் படிப்பிக்க வீட்டுக்கு எவ்வளவு செலவாகும் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. அந்தப் பாதியை நாமே எழுதிச் சேர்க்கவேண்டும்.

வெட்டுப்புள்ளி என்பது ஒரு பாடநெறிக்கு இடம் கிடைத்த கடைசிப் பிள்ளையின் இசட் புள்ளி (உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் புள்ளி). அந்த அட்டவணையில் 25 மாவட்டங்கள், ஒவ்வோர் எண்ணுக்கும் நான்கு தசமதானம். கண் சற்று வழுக்கினால் பக்கத்து மாவட்டத்தின் புள்ளியை நம்முடையது என்று எடுத்துவிடுவோம். அடிமட்டம் வைத்துப் பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள். பெரும்பாலான பாடநெறிகளில் இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகைக்கு, மீதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நம்முடைய திருகோணமலையும் அந்த 16இல் ஒன்று. ஆகவே கொழும்புப் பிள்ளையின் புள்ளியோடு ஒப்பிட்டு மனம் தளரவேண்டாம். அட்டவணையில் இருப்பது முந்தைய வருடத்துப் புள்ளி. கொஞ்சம் குறைகிறதென்று எதையும் வெட்டிவிடாதீர்கள்.

அதிகம் பிழைப்பது விண்ணப்பத்தில் பாடநெறிகளை அடுக்கும் விருப்ப வரிசையில்தான். "கிடைக்கிறதை மேலே போடு" என்று ரியூசன் வாசலில் சொல்வார்கள். அது தவறு. இசட் புள்ளி கூடியவரிலிருந்து தொடங்கி, ஒவ்வொருவரின் பட்டியலையும் மேலிருந்து கீழாகப் பார்த்தே இடம் கொடுக்கிறார்கள். எட்டாத ஒன்றை முதலாவதாகப் போட்டால் கீழே உள்ளதற்கு எந்த நட்டமும் வராது. எட்டக்கூடிய ஒன்றை மேலே போட்டால், அதைவிட ஆசைப்பட்ட பாடநெறி கைநழுவும். செலவு தாங்காது என்று தெரிந்ததைப் பட்டியலிலேயே சேர்க்கவேண்டாம். மிச்சத்தை ஆசையின்படி அடுக்குங்கள்.

இனிச் செலவு. அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை, காசு போவது போடிங், சாப்பாடு, பஸ்ஸுக்கு. ஒவ்வொரு தெரிவுக்கும் எதிரே அறை வாடகை, முற்பணம், மாதச் சாப்பாடு, வீட்டுக்கு வந்துபோகும் செலவு, படிப்பு எத்தனை வருடம் என்று எழுதுங்கள். விடுமுறைக்கு வந்தாலும் அறையை வைத்திருந்தால் வாடகை ஓடும், ஆகவே 12 மாதத்துக்குக் கணக்கிடுங்கள். பல்கலைக்கழக விடுதி பெரும்பாலும் எல்லா வருடமும் கிடைக்காது. நடுவிலே இரண்டு வருடம் வெளியே தங்கவேண்டிவரும் என்றே வையுங்கள்.

ஊரைப் பொறுத்து இந்தக் கணக்கு புரளும். நிலாவெளிப் பக்கத்துப் பிள்ளைக்குக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகம் வீட்டுச் சோற்றோடு முடியும். அதே வளாகத்தின் சித்த மருத்துவம் ஐந்து வருடம், மேலே ஒரு வருட உள்ளகப் பயிற்சி, அதையும் எண்ணவேண்டும். மூதூர்ப் பிள்ளைக்குக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகம் தூரம்தான், ஆனால் மட்டக்களப்பு பஸ் வளாக வாசலால் போகும், மாறி ஏறத் தேவையில்லை. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உள்ள ஒலுவிலுக்கு மட்டக்களப்பு தாண்டி, கல்முனையும் தாண்டவேண்டும். ருகுணு பல்கலைக்கழகம் உள்ள மாத்தறை என்றால் தவணைக்கு ஒருமுறை வருவதே பெரிய காரியம்.

மகாபொல என்ற மாதாந்தப் புலமைப்பரிசில் 2025இல் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆனது. நல்ல உதவி, ஆனால் முதல் தவணை கைக்கு வரச் சில மாதம் எடுக்கும். அந்த மாதங்களுக்கான காசை முன்கூட்டியே ஒதுக்கிவையுங்கள்.

தனியார் பட்டப்படிப்பும் பட்டியலில் இருந்தால், பதிவுக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், கடைசி வருடம் பிரித்தானியப் பவுணில் கட்டவேண்டுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். விளம்பரத்தில் பெரும்பாலும் முதல் வருடத் தொகைதான் தெரியும்.

இரண்டு இடத்தில் கைநூலை நிதானமாக வாசிக்கவேண்டும். ஒன்று மொழிமூலம்: தமிழில் கற்பிக்காத கலைப் பாடநெறிகளும் உண்டு. மற்றது உளச்சார்புப் பரீட்சை. கட்டடக்கலை போன்றவற்றுக்கு அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்கவேண்டும். அதைத் தவறவிட்டால் வரிசையில் முதலாவதாகப் போட்டிருந்தாலும் அந்தத் தெரிவைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள்.