கோத்தகிரியில் ஒரு பெரிய டீசல் வண்டி: பார்ச்சூனர், ஸ்கார்பியோ-என், சஃபாரி

எங்கள் வீட்டிலிருந்து பிள்ளைகளின் பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டர். கோத்தகிரி கடைவீதி நான்கு கிலோமீட்டர். அம்மாவை மாதம் ஒருமுறை காட்டிவரும் கோயம்புத்தூர் மருத்துவமனைக்கோ 33 கிலோமீட்டர் மலைப்பாதையில் மேட்டுப்பாளையம் வரை இறங்கி, அதன் பிறகு சமவெளியில் ஏறத்தாழ அதே தூரம் மறுபடியும் போக வேண்டும். நீலகிரியில் வசிக்கும் பெரும்பாலான குடும்பங்களின் கார் ஓட்டம் இந்த இரண்டு வகைக்குள் அடங்கிவிடும்: என்ஜின் சூடேறும் முன்பே முடிந்துவிடும் குறும்பயணம் ஒன்று, ‘கீழே போய் வருவது’ என்று நாங்கள் சொல்லும் நெடும்பயணம் மற்றொன்று. ஏழு பேர் அமரும் பெரிய டீசல் வண்டியை அன்றாடக் காராக வைத்துக்கொள்ளலாமா, வைத்துக்கொள்வதென்றால் எதை என்பதை இந்த இரண்டு ஓட்டங்களையும் அளவுகோலாகக் கொண்டே பார்க்க விரும்புகிறேன். பெரியப்பா மகனிடம் டொயோட்டா பார்ச்சூனரும், குன்னூரில் இருக்கும் மைத்துனரிடம் டாட்டா சஃபாரியும், என்னிடம் மஹிந்திரா ஸ்கார்பியோ-என்னும் இருப்பதால், மூன்றையும் ஒரே சாலையில், ஒரே மழையில் ஓட்டிப் பார்க்க வாய்த்தது.

முதலில் டீசல் என்ஜினுக்கு உரிய நியாயத்தைச் செய்துவிட வேண்டும். உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். டர்போ இல்லாத சிறிய பெட்ரோல் என்ஜின் இந்த மெல்லிய காற்றை உறிஞ்சும்போது தன் வலுவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இழக்கிறது. நான்கு பேரையும் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு முதல் கியரில் முனகும் சிறு கார்களை நாம் அன்றாடம் பார்க்கிறோம். டர்போ பொருத்திய டீசல் என்ஜினோ காற்றை அழுத்தி உள்ளே தள்ளிக்கொள்வதால் இந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டிவிடுகிறது, அதுவும் நிமிடத்துக்கு 2,000 சுழற்சிக்கு முன்னமே முழு இழுவிசையைத் தந்துவிடுகிறது. பார்ச்சூனரின் 2.8 லிட்டர் என்ஜின் 204 குதிரைத்திறனும், ஆட்டோமேட்டிக் கியருடன் 500 நியூட்டன் மீட்டர் இழுவிசையும் தருகிறது. மேனுவலில் அது 420 ஆகக் குறைக்கப்பட்டிருக்கிறது. ஸ்கார்பியோ-என்னின் உயர்நிலை மாடல்களில் 2.2 லிட்டர் என்ஜினுக்கு 175 குதிரைத்திறன். மேனுவலில் 370, ஆட்டோமேட்டிக்கில் 400 நியூட்டன் மீட்டர். சஃபாரியின் 2 லிட்டர் என்ஜினுக்கு 170 குதிரைத்திறனும் 350 நியூட்டன் மீட்டரும். தாளில் பார்த்தால் பார்ச்சூனர் எங்கோ இருக்கிறது. ஆனால் முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட விடாத ஒரு சாலையில் 350-க்கும் 500-க்கும் உள்ள வேறுபாடு, முன்னால் போகும் லாரியை முந்தக் கிடைக்கும் இரண்டொரு நேர்ப்பகுதிகளில் மட்டுமே தெரிகிறது.

எடையின் கணக்கு அப்படிச் சிறு வேறுபாட்டோடு நின்றுவிடுவதில்லை. ஏறத்தாழ 2.1 டன் எடையுள்ள வண்டியில் ஐந்து பேரும் அவர்களுடைய பைகளும் ஏறினால் இரண்டரை டன். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு உள்ள உயர வேறுபாடு ஏறத்தாழ 1,450 மீட்டர். இவ்வளவு எடையை இவ்வளவு உயரம் தூக்குவதற்குத் தேவைப்படும் ஆற்றல் சுமார் 10 யூனிட் மின்சாரத்துக்குச் சமம், அதாவது ஒரு லிட்டர் டீசலில் அடங்கியிருக்கும் மொத்த வெப்பத்துக்குச் சமம். என்ஜின் அந்த வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கிறது என்பதால், வண்டி நகர்வதற்கான செலவு ஒருபுறமிருக்க, வெறுமனே மேலே தூக்குவதற்கே மூன்று லிட்டர் போய்விடும். மலையேறும்போது லிட்டருக்கு ஆறு, ஏழு கிலோமீட்டர்தான் கிடைக்கிறது என்று புதிதாக வாங்கியவர்கள் பதறுவதன் காரணம் இதுவே; இறங்கும்போது என்ஜினுக்கு டீசல் போவது பெரும்பாலும் நின்றுவிடுவதால், போய்வந்த கணக்கைப் பார்த்த பிறகே பதற வேண்டும்.

அதே 10 யூனிட் ஆற்றல் இறங்கும்போது எங்காவது வெப்பமாக வெளியேறியாக வேண்டும் என்பதுதான் பெரிய வண்டி வாங்குகிறவர்கள் குறைவாக யோசிக்கும் பகுதி. எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது: என்ஜின் வாங்கிக்கொள்ளாத வெப்பம் முழுவதையும் பிரேக்கின் டிஸ்க்கும் பேடும் வாங்கிக்கொள்கின்றன, இரண்டரை டன் வண்டியில் அது சிறிய காரைப் போல் இரண்டு மடங்கு. சமவெளியில் ஆட்டோமேட்டிக் ஓட்டிப் பழகியவர் லிவரை ‘டி’யிலேயே விட்டுவிட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவார், பாதி வழியில் கருகல் வாடை வரும். மூன்று வண்டிகளின் ஆட்டோமேட்டிக்கிலும் கியரைக் கையால் குறைத்துப் பிடிக்க வழி இருக்கிறது. அதைப் பயன்படுத்தாதவருக்கு எந்த வண்டியும் பாதுகாப்பன்று. என்னுடையது மேனுவல் என்பதால் இறக்கத்தில் எனக்கு நிம்மதி. சீசன் நாள்களில் ஏற்றத்தில் ஊர்ந்து நிற்கும்போது, கிளட்ச்சைப் பாதி மிதித்தபடி முழங்கால் கடுக்கும்போது, அந்த நிம்மதிக்கான விலையைக் கொடுத்துவிடுகிறேன்.

அடுத்தது உருவம். இங்கே கண் ஏமாற்றுகிறது. மூன்றில் மிகப் பெரியதாகத் தோன்றுவது பார்ச்சூனர். நீளம் 4,795 மி.மீ. என்பதால் நீளத்தில் அதுவே பெரியது. ஆனால் அதன் அகலம் 1,855 மி.மீ. மட்டுமே, ஸ்கார்பியோ-என் 1,917 மி.மீ., சஃபாரி 1,922 மி.மீ. எதிரே அரசுப் பேருந்து வரும் வளைவில், ஒருபுறம் தடுப்புச் சுவரும் மறுபுறம் வடிகாலும் இருக்கும்போது, ஆறு, ஏழு சென்டிமீட்டர் என்பது கண்ணாடியை மடக்குவதா வேண்டாமா என்ற வேறுபாடு. நீளம் வண்டியை நிறுத்தும் இடத்தில் மட்டுமே தொந்தரவு தருகிறது. அகலம் ஓட்டம் முழுவதும் கூடவே வருகிறது. ஏறும் வண்டிக்கே வழி என்பது மலைச் சாலையின் விதி, ஆகவே இறங்குகிற பெரிய வண்டிக்காரர் பின்னோக்கிச் செல்லும் வாய்ப்பு அதிகம். மூடுபனியில், பின்கண்ணாடியில் நீர்த்துளிகள் படிந்திருக்க, அப்படிப் பின்னோக்கிச் செல்லும்போது ஸ்கார்பியோ-என்னின் உயர்ந்த இருக்கையும் சஃபாரியின் கேமராவும் உதவியதைப் போல வேறொன்றும் எனக்கு உதவியதில்லை. பெரியப்பா மகனின் பார்ச்சூனரில் ஸ்டீயரிங் ஹைட்ராலிக் வகை. நெடுஞ்சாலையில் உறுதியாக நிற்கும் அது, கடைவீதியில் நான்கு முறை முன்னும் பின்னும் திருப்பி நிறுத்தும்போது கையைச் சோதிக்கிறது. மைத்துனரின் அம்மா, அறுபது வயதுக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்டவர், சஃபாரியை ஓட்டுகிறார். பார்ச்சூனரின் சாவியைத் தொட்டதில்லை.

இனி, அதிகம் பேச வேண்டியது என்று நான் கருதுவது: குறும்பயணம். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 புகை மாசுக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பிறகு வந்த இத்தகைய டீசல் கார்களின் புகைக்குழாயில் ஒரு வடிகட்டி இருக்கிறது. அது புகைக்கரியைப் பிடித்து வைத்துக்கொண்டு, போதிய அளவு சேர்ந்ததும் அதை எரித்துச் சாம்பலாக்கிக்கொள்ளும். எரிவதற்குப் புகை சுமார் 600 டிகிரி வெப்பத்தை எட்ட வேண்டும். அதற்கு வண்டி நிறுத்தாமல், சீரான வேகத்தில் கால் மணி நேரமாவது ஓட வேண்டும். கோத்தகிரியிலோ உதகையிலோ அப்படி ஓட எந்தச் சாலை இருக்கிறது? காலையில் குளிர்ந்த என்ஜினோடு மூன்று கிலோமீட்டர் போய் நின்று, திரும்ப மூன்று கிலோமீட்டர் வந்து நின்றால், என்ஜின் தன் வெப்பநிலையை அடையும் முன்பே ஓட்டம் முடிந்துவிடுகிறது. கரி மட்டும் சேர்கிறது. எரிக்கும் முயற்சி பாதியில் நின்றுபோனால், அதற்காகச் செலுத்தப்பட்ட டீசலில் ஒரு பகுதி என்ஜின் ஆயிலில் கலந்து அதன் அளவை உயர்த்துகிறது. எங்கள் மூன்று வண்டிகளில் ஒன்றில், எதுவென்று சொல்லத் தேவையில்லை, ஏனெனில் மூன்றுக்கும் நேரக்கூடியது, பள்ளி வேலைநாள்கள் தொடர்ந்து ஓடிய ஒரு மழைக்காலத்தில் வடிகட்டி விளக்கு எரிந்தது. கீழே ஒரு பணிமனைக்கு எடுத்துச் சென்றபோது, அங்கிருந்த மூத்த மெக்கானிக் முன்பக்க மூடியைக்கூடத் திறக்காமல், “இதை வாரம் ஒருக்கா கீழே இறக்கி அன்னூர் ரோட்டுல ஓட்டிக்கிட்டு வாங்க சார், எல்லாம் சரியாப் போயிரும்” என்றார். அது சரியாகவே போயிற்று. ஆனால் வாரம் ஒருமுறை வடிகட்டிக்காகக் கீழே போய்வரும் டீசலை யார் கணக்கில் எழுதுவது?

மலையேறும்போது என்ஜின் கடினமாக உழைக்கிறது, புகையும் சூடாகிறது. ஆகவே மாதம் இரண்டு மூன்று முறையேனும் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வருகிற குடும்பத்துக்கு இந்தப் பிரச்சினை பெரிதாக எழுவதில்லை. மேலேயே இருந்துகொண்டு கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓட்டுகிற குடும்பத்துக்கு, மூன்றில் எதை வாங்கினாலும் தவறான வண்டியை வாங்கியதாகவே ஆகும் என்பது என் கருத்து.

வண்டியின் கட்டுமானம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பார்ச்சூனரும் ஸ்கார்பியோ-என்னும் தனிச் சேஸிஸின், அதாவது அடிச்சட்டத்தின், மேல் உடலை ஏற்றிய பழைய முறையில் செய்யப்பட்டவை. 2021-இல் வந்த இன்றைய சஃபாரி ஒரே கூடாகச் செய்யப்பட்டது, முன்சக்கரங்களால் மட்டும் இழுக்கப்படுவது. 1998-இல் வந்த பழைய சஃபாரியை நினைவில் வைத்துக்கொண்டு அதை வாங்கப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: பெயர் ஒன்று, வண்டி வேறு. வளைவுகளில் சஃபாரி குறைவாகச் சாய்கிறது. மூன்றாம் வரிசையில் அமர்த்தப்பட்ட பிள்ளைகள் குன்னூர்ப் பாதையில் பர்லியாறு தாண்டும் வரை வாந்தி எடுக்காமல் வருவது அதில்தான். வாந்திப் பையை எண்ணி வண்டியை எடைபோடுவது நகரத்தாருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம், எங்களுக்கு அது தலையாய அளவுகோல். பார்ச்சூனரின் பின்பகுதி, ஆள் குறைவாக இருக்கும்போது, பழுதான சாலையில் துள்ளுகிறது.

ஆனால் ஏற்றத்தில் சஃபாரியின் அமைப்புக்கு ஒரு குறை உண்டு. வண்டி ஏறும்போது எடை பின்னோக்கிச் சாய்கிறது. முன்சக்கரங்களின் மேல் பாரம் குறைகிறது. பாசி படிந்த ஈரமான செங்குத்துச் சந்தில் அவை வழுக்கிச் சுழல்கின்றன. பின்சக்கரத்தால் தள்ளப்படும் ஸ்கார்பியோ-என்னுக்கும் பார்ச்சூனருக்கும் அதே சாய்வு சாதகமாகிறது. நான்கு சக்கர இயக்கம் உள்ள மாடல்களில் இரண்டுக்கும் குறைவேகக் கியரும் உண்டு. தேயிலைத் தோட்டத்துக்குள் மண்பாதையில் வீடு இருப்பவருக்கு, ஐப்பசி, கார்த்திகை மழையில் அதன் அருமை தெரியும். தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் திருப்பக் கூடாது. முன், பின் அச்சுகள் ஒன்றோடொன்று பூட்டப்படுவதால் வண்டி இறுகித் திணறும். தார்ச்சாலையோரத்திலேயே வீடு இருப்பவர் இந்த வசதிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பெருமைக்கான செலவு.

இந்த இடத்தில் பட்டியலில் இல்லாத ஒன்றைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. உதகை, குன்னூர் டாக்சி நிறுத்தங்களில் நின்று பார்த்தால், மலையில் ஓட்டியே பிழைப்பவர்கள் விரும்பிப் பிடித்திருப்பது இன்னோவா கிரிஸ்டா என்பது தெரியும். 2.4 லிட்டர் டீசல், 150 குதிரைத்திறன், அகலம் 1,830 மி.மீ., பின்சக்கர இயக்கம், பார்ச்சூனருக்கு 5.8 மீட்டர் திரும்பு ஆரம் என்றால் இதற்கு 5.4. பின்சக்கரத்தில் டிரம் பிரேக்தான், கம்பீரமும் இல்லை. இருந்தாலும் இந்த ஒப்பீட்டில் அதைச் சேர்த்திருந்தால் மற்ற மூன்றும் சற்றுச் சங்கடப்பட்டிருக்கும்.

செலவைப் பொறுத்தவரை, பார்ச்சூனர் ஒன்றின் விலையில் ஸ்கார்பியோ-என் ஒன்றையும் கூடவே ஒரு சிறிய காரையும் வாங்கிவிடலாம். 2025 செப்டம்பர் 22 முதல் இவ்வகை வண்டிகளுக்கு மொத்தம் 50 சதவீதமாக இருந்த வரி 40 ஆனது மூன்றுக்கும் பொது. பதிவைப் பற்றி ஒரு சொல்: விலையில் ஏதோ குறைகிறது என்று கோவையிலேயே பதிவு செய்துகொள்ளாமல், நீலகிரியில் வசிப்பவர் டி.என். 43 எண்ணையே வாங்க வேண்டும். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 ஏப்ரல் முதல் நாளொன்றுக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்ற உச்சவரம்பும் வந்தது. உள்ளூர்ப் பதிவு எண்ணுக்கு இந்தத் தொல்லை இல்லை. 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிப் பாதையில் மசினகுடிக்கு இறங்கவும் அந்த எண் வேண்டும்.

ஆக, என் தேர்வு இது: மண்பாதை வீட்டுக்கு நான்கு சக்கர இயக்கமுள்ள ஸ்கார்பியோ-என், தார்ச்சாலை வீட்டில் முதியவர்களும் சிறுபிள்ளைகளும் இருந்தால் சஃபாரி, மாதம் பல முறை சென்னைக்கோ பெங்களூருக்கோ ஓட்டுகிறவருக்கு, பணம் ஒரு பொருட்டல்ல என்றால், 80 லிட்டர் டாங்க் உள்ள பார்ச்சூனர். நான் என் ஸ்கார்பியோ-என்னை வைத்துக்கொண்டேன், ஆனால் பள்ளிக்கூடத்துக்கு அதை எடுப்பதை நிறுத்திவிட்டேன். அந்த மூன்று கிலோமீட்டருக்கு மாமாவின் பழைய பெட்ரோல் கார் ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. ஏற்றத்தில் முனகுகிறது, பிள்ளைகள் கேலி செய்கிறார்கள், எட்டே முக்காலுக்கு அடிக்கும் முதல் மணிக்கு முன்னால் கொண்டுபோய்ச் சேர்த்தும்விடுகிறது.