முடியாது என்று சொல்லும் டேட்டாபேஸ்தான் எனக்கு வேண்டும்

2010 முதல் மொத்த மருந்து வியாபாரிகளுக்கு பில்லிங், ஸ்டாக் மென்பொருள் எழுதி வருகிறேன். தகவலைச் சேமிக்கும் டேட்டாபேஸ் மென்பொருளாக முதல் ஒன்பது வருடம் மை எஸ்கியூஎல், அதன்பின் இன்றுவரை போஸ்ட்கிரஸ். இரண்டில் எது வேகம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வேகத்தால் எனக்கு ஒருநாளும் தூக்கம் கெட்டதில்லை. டேட்டாபேஸுக்குக் கட்டளை எழுதும் மொழியான எஸ்கியூஎல்லின் தரநிலை சொல்வதை டேட்டாபேஸ் செய்யும் என்று நம்பி ஏமாந்த நாட்களில்தான் கெட்டது.

2018-ல் ஒரு கடைக்கு ஆண்டு இருப்பு எடுத்தபோது, ஒரு மாத்திரை மைனஸ் 12 அட்டை என்று வந்தது. இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது என்று டேபிள் உருவாக்கும்போதே செக் கட்டுப்பாடு எழுதியிருந்தேன். பழைய ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தேன், வரி இருந்தது. டேபிள் எப்படி உருவாகியிருக்கிறது என்று காட்டும் ஷோ கிரியேட் டேபிள் கட்டளை கொடுத்தேன். மற்ற எல்லாம் அப்படியே வந்தன, அந்த ஒரு வரியைக் காணோம். செக்கை வாசித்துவிட்டு விட்டுவிடும் என்று மை எஸ்கியூஎல் கையேட்டிலேயே தெளிவாகப் போட்டிருந்தார்கள். படிக்காமல் விட்டது என் தவறு. ஆனாலும், ஏற்காத கட்டளைக்கு எர்ரர் கொடுத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். 2019-ல் வந்த 8.0.16 பதிப்பிலிருந்துதான் அங்கே செக் நிஜமாக வேலை செய்கிறது.

வரிகளைக் குழுவாக்கிக் கூட்டும் குரூப் பை கதையும் இதே மாதிரிதான். பார்ட்டி வாரியாகத் தொகையைக் கூட்டி, பக்கத்தில் பில் தேதியையும் கேட்டிருந்தோம். ஒரு பார்ட்டிக்கு நாற்பது பில் இருந்தால் எந்தத் தேதியைக் காட்டுவது? ஏதோ ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தது, நாங்களும் பார்த்துக்கொண்டிருந்தோம். மை எஸ்கியூஎல் 5.7 பதிப்புக்கு மாறியதும் இது முறையல்ல என்று எர்ரர் வந்தது. நாங்கள் செய்தது என்ன? அப்படித் தடுக்கும் மோடையே அணைத்துவிட்டோம். ரிப்போர்ட்டுகளைத் திருத்தி அந்த மோடை மறுபடி போட ஒரு வருடம் ஆனது. 5.7-ஐப் பாராட்டியும் ஆக வேண்டும்: டேபிளின் ஒரு காலம் (column) இன்னொன்றைச் சார்ந்தது என்பதை, தரநிலையின் 1999 பதிப்பான எஸ்கியூஎல்:1999 சொல்கிறபடி அது நன்றாகவே கண்டுபிடிக்கிறது. போஸ்ட்கிரஸ், ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் பிரைமரி கீ குரூப் பையில் இருந்தால் மட்டும்தான் ஒத்துக்கொள்ளும்.

தமிழில் தகவல் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது எழுத்துகள். மை எஸ்கியூஎல்லில் யுடிஎஃப்8 என்ற பெயரில் நெடுங்காலம் இருந்த எழுத்துக் குறியீட்டு முறை, ஓர் எழுத்துக்கு மூன்று பைட் வரைதான் தாங்கும். தமிழ் எழுத்துகளுக்கு மூன்று பைட் போதும் என்பதால் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. எமோஜிக்கு நான்கு வேண்டும். ஒரு வாடிக்கையாளர் நன்றி சொல்லிக் கும்பிடும் கை எமோஜி போட்டு, அதற்குப் பின்னால் எந்த மருந்து வரவில்லை என்று எழுதியிருந்தார். தவறான தகவலை ஏற்காமல் எர்ரர் கொடுக்கும் ஸ்டிரிக்ட் மோடை நாங்கள் அணைத்து வைத்திருந்ததால், எமோஜி தொடங்கி அதன்பின் வந்த எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, முன்னால் இருந்ததை மட்டும் சேமித்தது. நன்றி மட்டும் எங்களுக்கு வந்து சேர்ந்தது. 2019-ல் யூனிகோடில் சேர்ந்த முந்திரி போன்ற தமிழ்ப் பின்னக் குறிகளும் நான்கு பைட்தான். பழைய கணக்கேடுகளைத் தட்டச்சு செய்பவர்கள் நான்கு பைட்டும் தாங்கும் யுடிஎஃப்8எம்பி4 போடாமல் தொடங்க வேண்டாம்.

டேபிளில் ஒரு காலத்துக்கு (column) வைக்கும் நீளத்தையும் பாருங்கள். சௌந்தர்யா என்ற பெயர் நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, டேட்டாபேஸுக்கு ஒன்பது. முப்பது எழுத்து காலத்தில் நீளமான பெயரைத் திணித்தால் போஸ்ட்கிரஸ் நீளம் அதிகம் என்று திருப்பி அனுப்புகிறது. அந்த எர்ரரைப் பார்க்கும்போது எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

போஸ்ட்கிரஸ் முழுக்கத் தரநிலைப்படி நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். மேற்கோள் குறி இல்லாத பெயர்களைப் பெரிய எழுத்தாக்கு என்கிறது தரநிலை, இது சிறிய எழுத்தாக்குகிறது. எஸ்கியூஎல்:2023-இன் கட்டாய அம்சங்கள் 177-இல் குறைந்தது 170-க்குப் பொருந்துவதாக 16-ஆம் பதிப்பின் கையேடு சொல்கிறது. எதெல்லாம் இல்லை என்றும் அங்கேயே பட்டியல் இருக்கிறது. நான் அதை நம்புவதற்கு அந்தப் பட்டியல்தான் காரணம். அமெரிக்க அரசின் நிஸ்ட் நிறுவனம் எஸ்கியூஎல் பொருத்தத்தைச் சோதித்துச் சான்று கொடுத்த காலம் ஒன்று இருந்தது. 1996-ல் அதை நிறுத்திவிட்டார்கள். அதன்பின் அவரவர் சொல்வதுதான் கணக்கு.

ஒரு வேலைக்காக ஆரக்கிள் என்ற இன்னொரு டேட்டாபேஸுக்கும் போனேன். அங்கே காலியான சரம் (எழுத்தே இல்லாத உரை) என்றால் நல், அதாவது மதிப்பே இல்லை; அதோடு எதை ஒப்பிட்டாலும் பொருந்தாது. காலியாக இல்லாத பெயர்களை எடு என்று நான் எழுதிய கேள்விக்கு ஒரு வரிகூட வரவில்லை. எஸ்கியூலைட் என்ற சிறிய டேட்டாபேஸில், ஒரு டேபிளை இன்னொன்றோடு பிணைக்கும் ஃபாரின் கீ எழுதினால் மட்டும் போதாது, ஒவ்வொரு இணைப்பிலும் அதை இயக்கிவிட வேண்டும்.

எங்களிடம் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் வேலை இதுதான். செக் வைத்து ஒரு டேபிள் உருவாக்கு, மைனஸ் ஒன்றைப் போடு. நீளம் மீறிய ஒரு தமிழ்ப் பெயரைப் போடு. பிப்ரவரி 30 என்று தேதி போடு. டேட்டாபேஸ் என்ன பதில் சொன்னது என்று நோட்டில் எழுதிக்கொண்டு வா.