அமெரிக்கக் கட்டடப் பெட்டி: அட்டை அருமை, கைநூல் அரைகுறை

நேராகவே சொல்லிவிடுகிறேன். அட்டைத் துண்டுகளைக் கோத்துக் கட்டடம் செய்யும் இந்தப் பெட்டிக்கு 3,800 ரூபாய் கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு வாங்கலாம். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எழுதி முடித்த மருமகனுக்காக ஹட்டன் டவுனில் ஒரு புத்தகக் கடையில் எடுத்தேன். உள்ளே நான்கு கட்டடங்கள்: சுதந்திர தேவி சிலை, எம்பயர் ஸ்டேட் கட்டடம், புரூக்ளின் பாலம், வெள்ளை மாளிகை. கூடவே ஒவ்வொன்றின் கதையையும் சொல்கிற மெல்லிய ஆங்கிலக் கைநூல்.

முதலில் அட்டையைப் பற்றி. வெட்டு சுத்தம், பசை தேவையில்லை, நாக்கைத் துளையில் செருகினால் 'டக்' என்று உட்காரும். ஆனால் அதெல்லாம் வெயில் நாளில். இங்கே ஆனி, ஆடி மழையில் பெட்டியை ஒரு ராத்திரி திறந்தபடி விட்டால் அட்டை ஈரத்தை இழுத்து உப்பிவிடுகிறது, அப்புறம் நாக்கு துளைக்குள் போகாது, அழுத்தினால் மேல் தாள் உரியும். எம்பயர் ஸ்டேட்டின் உச்சிக் கம்பம் அப்படித்தான் பிய்ந்தது. அடுப்படிப் பக்கம் வைத்துக் காயவிட்டுக் கோத்தால் பரவாயில்லை. நுவரெலியாப் பக்கத்து ஆட்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

பெட்டியில் மிகச் சிறந்தது புரூக்ளின் பாலம், செய்வதற்கும் சரி, கதைக்கும் சரி. திட்டம் போட்ட ஜான் ரோப்ளிங் 1869இல் படகுத்துறையில் கால் நசுங்கி, புண்ணில் ஏற்புவலி கண்டு இறந்துபோனார். மகன் வாஷிங்டன் பொறுப்பெடுத்தார். ஆற்றின் அடியில் அத்திவாரம் போட வேண்டுமே, அதற்காக அடிப்பக்கம் திறந்த பெரிய மரப்பெட்டிகளை ஆற்றில் இறக்கி, உள்ளே காற்றை அழுத்தித் தண்ணீரை வெளியே தள்ளி, அந்த இருட்டுக்குள் ஆட்கள் மண் தோண்டினார்கள். அழுத்தத்திலிருந்து சட்டென்று மேலே வந்தவர்களுக்கு இரத்தத்தில் குமிழி கட்டி மூட்டெல்லாம் முறுக்கிக்கொண்டது, சிலர் செத்தார்கள். வாஷிங்டனுக்கும் அதே நோய். அவர் படுக்கையோடு கிடந்து சன்னல் வழியாகப் பாலம் எழும்புவதைப் பார்க்க, மனைவி எமிலி பொறியியல் கணக்குகளைப் படித்துக்கொண்டு, அவருடைய கட்டளைகளைத் தளத்துக்குக் கொண்டுபோய் வேலையை நடத்தினார். 1883இல் பாலம் திறந்தது. திறந்த ஆறாம் நாள், பாலம் விழப்போகிறது என்று யாரோ கிளப்பிய பீதியில் 12 பேர் மிதிபட்டு இறந்தார்கள். மறு வருடம் பார்னம் என்ற சர்க்கஸ்காரர் 21 யானைகளை அதன் மேல் நடத்திக் காட்டினார். யானைக் கதையை மருமகன் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னான். "மாமா, அதுல தந்தம் உள்ளது எத்தினி?" என்று வேறு கேள்வி.

சுதந்திர தேவிக்கும் நல்ல பக்கங்கள்தான். சிலையைப் பிரெஞ்சுக்காரர் கொடுத்தாலும் பீடம் கட்ட அமெரிக்காவில் பணம் திரளவில்லை. பத்திரிகைக்காரர் புலிட்சர், ஒரு சதம் கொடுத்தாலும் பெயரைப் பேப்பரில் போடுகிறேன் என்று அறிவித்து 1885இல் தொகையைச் சேர்த்தார். கொடுத்தவர்களில் பெரும்பாலோர் ஒரு டொலருக்கும் குறைவாகத்தான் கொடுத்தார்கள். மெல்லிய செப்புத் தோலைத் தாங்குகிற இரும்புக் கூட்டை வடிவமைத்தவர் பிரெஞ்சுப் பொறியியலாளர் ஈஃபில். அந்தக் கூட்டை அட்டையிலும் காட்டியிருக்கிறார்கள், சபாஷ்.

எம்பயர் ஸ்டேட் பக்கத்தில் 102 மாடி, 1930 மார்ச்சில் தொடங்கி 1931 மேயில் திறப்பு என்று எண்கள் மட்டும். பொருளாதாரம் படுத்துக் கிடந்த நேரத்தில் வாடகைக்கு ஆளில்லாமல் பாதி மாடிகள் காலியாகக் கிடந்ததையும், 1945இல் மூடுபனியில் ஒரு இராணுவ விமானம் மோதி 14 பேர் இறந்ததையும் விட்டுவிட்டார்கள். மூடுபனி என்றால் நம் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாமே.

எனக்குக் கோபம் வந்தது வெள்ளை மாளிகையில்தான். 1814இல் பிரிட்டிஷ்காரர் எரித்த கரியை மறைக்க வெள்ளையடித்தார்கள் என்று பழைய கட்டுக்கதையை அப்படியே அச்சடித்திருக்கிறார்கள். 1798இலேயே, கல் ஈரம் குடித்து வெடிக்காமலிருக்கச் சுண்ணாம்பு பூசியாகிவிட்டது. அதைவிட மோசம், 'ஹோபன் கட்டினார்' என்ற ஒரே வரி. ஜேம்ஸ் ஹோபன் வரைந்தார், மேற்பார்த்தார், சரி. கல் வெட்டியவர்களிலும், செங்கல் சுட்டவர்களிலும், மரம் அறுத்தவர்களிலும் பலர் அடிமைகள். அவர்களுக்கென்று அரசு கொடுத்த கூலி எசமான்மார் கைக்குப் போனது. அந்தச் சம்பளப் பதிவேடுகள் இன்னும் இருக்கின்றன, பீட்டர், பென், ஹாரி என்று வெறும் முதற்பெயர்கள். ஹோபனே அடிமைத் தச்சர்களை வைத்திருந்தவர். தேயிலைத் தோட்டத்து வேலைநாள் பதிவேடான செக்ரோலில் பேர் விழுந்ததா என்று பார்த்துப் பார்த்து வாழ்ந்த சனத்துக்கு இந்த வரி எப்படி இருக்கும்? இங்கேயும் துரை பங்களாவைப் பார்த்தால் எந்தத் துரை எந்த வருடம் கட்டினார் என்றுதான் சொல்வார்கள், கல் சுமந்த ஆளைப் பற்றி ஒரு பேச்சும் இருக்காது. புரூக்ளின் பாலத்துக்குத் தோண்டியவர்களின் கதையை அவ்வளவு நன்றாக எழுதத் தெரிந்தவர்களுக்கு இங்கே மட்டும் என்ன வந்தது?

ஆகவே கைநூலைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து வெள்ளை மாளிகைப் பக்கத்தை நீங்களே சொல்லிக் கொடுங்கள். இன்னொன்று, எங்கள் பெட்டியில் பாலத்தின் கம்பிகள் உள்ள தாள் இல்லை. கடைக்கார அண்ணன் முகம் சுளிக்காமல் வேறு பெட்டி மாற்றித் தந்தார். நீங்கள் வாங்கும்போது அங்கேயே பெட்டியைத் திறந்து தாள்களை எண்ணிவிடுங்கள், பில்லையும் வைத்துக்கொள்ளுங்கள்.