பாட்டும் நாடகமும்: சென்னையா, புதுச்சேரியா?

பாட்டையும் நாடகத்தையும் குறைந்த செலவில் படிக்க உள்ள அரசு வழிகளில் இரண்டைப் பார்ப்போம். ஒன்று, 1949-இல் தொடங்கிய சென்னை அரசு இசைக் கல்லூரி. மற்றொன்று, புதுவை மத்தியப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைத் துறை.

பள்ளிப் படிப்பு முடித்ததும் சென்னையில் வாய்ப்பாட்டில் சேரலாம். பாடிக் காட்டச் சொல்வார்கள். பலர் தடுக்கி விழுவது இங்கேதான்: பழகாத உயர்ந்த சுருதியில் தொடங்கி, மேல் ஸ்தாயியில் (உச்சக் குரலில்) குரல் உடைந்துவிடும். உங்கள் கட்டையை, அதாவது குரலுக்கு ஏற்ற சுருதி அளவை, முன்பே உறுதி செய்து, வர்ணம் என்ற பாடல் வகையை இரண்டு காலங்களிலும் (வேகங்களிலும்) பாடிப் பழகுங்கள். ஆனால் அங்கே நடிப்புப் பயிற்சியை எதிர்பார்க்காதீர்கள்.

புதுவையில் இரண்டாண்டு முதுகலை நாடகம். இளங்கலைப் பட்டமும், க்யூட் (CUET) என்ற பொது முதுகலை நுழைவுத் தேர்வும் வேண்டும். விண்ணப்பத் தேதியைத் தவறவிட்டால் ஓராண்டு போய்விடும். உடல், குரல், அரங்க வடிவமைப்பு எல்லாம் உண்டு. கச்சேரிப் பயிற்சி இல்லை.

இரண்டிலும் கல்விக் கட்டணத்தைவிட விடுதியும் சாப்பாடும்தான் கையைக் கடிக்கும். இரண்டு கலையும் வேண்டுமென்றால் சென்னையில் பாட்டு, பிறகு புதுவையில் நாடகம் என்ற வரிசையே நல்லது. சுருதி நின்ற குரலுக்கு வசனம் எளிதில் வசப்படும்.