பிரேக் மிதிச்சா ஸ்டீயரிங் உதறுதா? டிஸ்க் மாத்தக் காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

ரெண்டு பிரேக் டிஸ்க், அதை அழுத்திப் பிடிக்கிற பேட் ஒரு செட், கழற்றி மாட்டின கூலி. மூணும் தண்டம். எண்பதுல போய் பிரேக் மிதிச்சா ஸ்டீயரிங்ல மறுபடியும் அதே உதறல். எந்த இடம்னு பெயர் போடல. எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கிற மல்டி பிராண்ட் சர்வீஸ் சென்டர், அவ்வளவுதான் சொல்வேன்.

நம்ப வெச்ச விதத்தைச் சொல்லணும். வீலைக் கழற்றி, டிஸ்க்ல இருந்த நீலத் திட்டு மேல விரலை ஓட்டி, "பாருங்க சார், டிஸ்க் பெண்டு"ன்னார் சூப்பர்வைசர். திட்டு இருந்தது உண்மைதான், யாரா இருந்தாலும் தலையாட்டிடுவாங்க. ஆனா அது டிஸ்க் சூடேறினதுக்கு அடையாளம், வளைஞ்சதுக்கு இல்லை. ரோட்டுல ஓடுற வண்டியில டிஸ்க் நிஜமா வளையறது அபூர்வம். வழக்கமான காரணம், டிஸ்க்கோட கனம் சுத்தி வர ஒரே அளவா இல்லாம போறது. 0.02 மி.மீ. வித்தியாசமே போதும், பெடல்ல துடிப்பு தெரியும். இதை விரலால தடவிக் கண்டுபிடிக்கவே முடியாது. மைக்ரோமீட்டர் வெச்சு, விளிம்புல இருந்து 10 மி.மீ. உள்ளே தள்ளி, சுத்தி எட்டு இடத்துல அளக்கணும்.

அந்த வித்தியாசம் பெரும்பாலும் ஹப்ல, அதாவது வீலும் டிஸ்க்கும் மாட்டுற நடுப்பாகத்துல இருந்துதான் ஆரம்பிக்குது. டிஸ்க் உட்காருற ஹப் முகத்துல துரு இருந்தா புது டிஸ்க்கும் கோணலாத்தான் உட்காரும். ஹப் ஓரத்துல 0.05 மி.மீ. துருன்னா, டிஸ்க்கோட வெளி விளிம்பு ஏறக்குறைய அதுக்கு ரெண்டு மடங்கு ஆடும். பல வண்டிகளுக்கு அனுமதிச்ச ஆட்டமே 0.05 மி.மீ. பக்கம்தான். பிரேக் மிதிக்காம ஓடும்போதும், ஒவ்வொரு சுத்துக்கும் டிஸ்க்ல வெளியே ஆடி வர்ற இடம் பேடை உரசிட்டே போகும், அந்த இடம் மட்டும் தேயும். அதனாலதான் மாத்தின புதுசுல வெண்ணெய் மாதிரி நிக்கிற வண்டி, சில ஆயிரம் கிலோமீட்டர் கழிச்சு உதற ஆரம்பிக்குது. அதுக்குள்ள அவங்க வேலைக்குக் கொடுத்த வாரண்டி முடிஞ்சிருக்கும். கணக்கு எவ்வளவு சரியா இருக்கு பாருங்க.

வேற இடத்துல அதே டிஸ்க்கைக் கழற்றினா, பின்பக்கம் முழுக்க துருச் செதில் அச்சு அச்சா பதிஞ்சிருக்கு. ஹப்பைக் கம்பி பிரஷ் தொட்ட தடமே இல்லை. பில்லுல "ஹப் கிளீனிங்"னு தனி வரி!

மாத்தின இடத்துல கேட்டா முதல்ல "ஓட ஓட செட் ஆயிடும்". அடுத்து "டயர் சார், வீல் பேலன்ஸிங் பண்ணிப் பாருங்க". பிரேக்கைத் தொடாதபோதும் உதறினாத்தானே பேலன்ஸிங்? மிதிச்சா மட்டும் வந்தா முதல்ல பார்க்க வேண்டியது பிரேக்கைத்தான். கடைசியா "நீங்க ஓட்டுற விதம் அப்படி". இப்போ போனே எடுக்கிறதில்லை. ரெண்டு டிஸ்க், ஒரு செட் பேட், கூலி. ஒண்ணுகூட திரும்பி வரப் போறதில்லை.

என்னென்ன பார்க்கணும்னு வரிசையா எழுத உட்கார்ந்தேன், இருக்கிற எரிச்சல்ல ஓடலை. இது மட்டும். ஸ்டீயரிங் உதறினா முன்பக்கம், சீட்டும் பெடலும் மட்டும் துடிச்சா பின்பக்கம்னு சந்தேகப்படுங்க. டிஸ்க்கை வீல் நட்டு போட்டு இறுக்கி, டயல் கேஜ் வெச்சு ஆட்டத்தை உங்க கண் முன்னாடி அளக்கச் சொல்லுங்க. "அதெல்லாம் தேவையில்லை சார்"னு சொன்னா சாவியை வாங்கிட்டு கிளம்பிடுங்க. பேடை டிஸ்க் மேல அழுத்துற காலிப்பர் நகர்ற தண்டு, அதாவது காலிப்பர் பின், கையால தள்ளினா வழுக்கிட்டு போகணும், சிக்கினா புது பேடும் சீக்கிரம் போயிடும். வீல் நட்டை ஏர் கன்னாலேயே இறுக்கி முடிக்க விடாதீங்க, எவ்வளவு இறுக்கம்னு அளந்து இறுக்கிற டார்க் ரெஞ்ச் (torque wrench) வெச்சு எதிரெதிரா இறுக்கணும். அப்புறம், குறைந்தபட்ச கனம் எவ்வளவுன்னு பெரும்பாலான டிஸ்க்லேயே பொறிச்சிருக்கும். அளந்து பார்க்காம மாத்தச் சம்மதிக்காதீங்க.