பிசகாத கழித்தல்

பாளையங்கோட்டையில் நான் நான்கு வருடமாகப் போய்வரும் ரத்தப் பரிசோதனை நிலையம் இது. குறையும் சொல்லப்போகிறேன், ஆகையால் பெயர் வேண்டாம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவன், போதாததற்குச் சர்க்கரைக்காரன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்கே கை நீட்டியாக வேண்டும்.

காலை ஆறரைக்கே கதவைத் திறந்துவிடுகிறார்கள். இரவெல்லாம் பட்டினி கிடந்து வருகிறவனுக்கு இது பெரிய உபகாரம். ரத்தம் எடுக்கும் தம்பிக்குத் தங்கமான கை. "அண்ணாச்சி, அந்தப் பக்கம் பாருங்கள்" என்பார். திரும்பிப் பார்ப்பதற்குள் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருப்பார். கொழுப்புப் பரிசோதனைக்கு 450 ரூபாய். மாலை நான்கு மணிக்கு ரிப்போர்ட். இதுவரை ஒரு நாளும் தாமதமானதில்லை.

போன முறை வந்த ரிப்போர்ட்டில் மொத்தக் கொழுப்பு 148, நல்ல கொழுப்பான எச்.டி.எல் 36, ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 290, கெட்ட கொழுப்பான எல்.டி.எல் 54. எனக்கு 55-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது டாக்டர் வைத்த இலக்கு. மயிரிழையில் தேறிவிட்டேன் என்று சந்தோஷப்பட்டிருக்கலாம். ஆனால் நான் நயினார்குளம் மார்க்கெட்டில் மொத்த வியாபாரக் கடை ஒன்றில் முப்பது வருடம் கணக்கு எழுதியவன். எந்தத் தாளைக் கண்டாலும் கூட்டிக் கழிக்காமல் இருக்க முடியாது. 290-ஐ ஐந்தால் வகுத்தேன், 58. டிரைகிளிசரைடைச் சுமக்கும் கொழுப்புத் துகளான வி.எல்.டி.எல் என்று அவர்கள் அச்சிட்டிருந்ததும் 58. 148-இல் 36-ஐயும் 58-ஐயும் கழித்தால் சுத்தமாக 54. பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இப்படியே, ஒரு புள்ளி பிசகவில்லை. இத்தனை சுத்தமாக நேராகும் பேரேட்டை எந்த முதலாளியும் நம்பமாட்டார்.

கவுன்டரில் கேட்டேன். "மெஷின் போட்டதுதான் சார்" என்றார் அந்தப் பெண். மெஷின் எல்.டி.எல்லை அளக்கவே இல்லை. 1972-இல் ஃப்ரீடுவால்டு என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்காவில் வெளியிட்ட சூத்திரப்படி, டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கை வி.எல்.டி.எல் என்று வைத்துக்கொண்டு, கழித்து வந்த எண் அது. உண்மையான அளவுக்கு அப்போது ரத்தத்தை அதிவேகமாகச் சுழற்றிப் பிரிக்க வேண்டியிருந்தது. செலவும் நேரமும் அதிகம். அதற்குக் குறுக்குவழி இது. பெரும்பாலானவர்களுக்குச் சரியாகவே வரும். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். அதற்குள்ளேயும் டிரைகிளிசரைடு ஏறி எல்.டி.எல் இறங்கியிருக்கும் ஆளுக்கு, இருப்பதைவிடக் குறைத்துக் காட்டும். கொழுப்பைக் குறைக்கும் முதல் ஸ்டாட்டின் மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்ததே 1987-இல்தான், எல்.டி.எல்லை ஐம்பதுகளுக்கு இறக்கி வைத்த என்னைப் போன்றவர்களை அந்தச் சூத்திரக்காரர்கள் எங்கே கண்டார்கள்?

டாக்டரிடம் சொன்னேன். கணக்குப் போடாமல் நேராக அளக்கும் 'டைரக்ட் எல்.டி.எல்' பரிசோதனையை எழுதிக் கொடுத்தார். அதற்குத் தனியாக 350 ரூபாய். முந்தைய ரத்தத்தைக் கொட்டிவிட்டார்களாம், மறுபடியும் ஊசி. இடையில் மருமகளின் தங்கை கல்யாணத்து மறுவீட்டில் தேங்காய்ப்பால் சொதியை வேறு இரண்டு கரண்டிக்கு மேல் தொடாமல் எழுந்தேன், அந்தக் கோபமும் இதில் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம். முடிவு 69. இலக்குக்கு 14 அதிகம். நான் சாப்பிட்டுவரும் ஸ்டாட்டினான அடோர்வாஸ்டாட்டினோடு, கொழுப்பைக் குறைக்கும் எசெட்டிமைப் என்ற மாத்திரையையும் டாக்டர் சேர்த்துவிட்டார்.

நேரடி அளவும் வேதவாக்கு இல்லை, கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறும் என்று அவரே சொன்னார். சூத்திரத்திலும் 2013-இல் ஒன்று, 2020-இல் ஒன்று என்று திருத்தமானவை வந்துவிட்டன. கம்ப்யூட்டரில் ஒரு வரி மாற்றினால் போதும். இந்த நிலையம் இன்னும் 1972-லேயே இருக்கிறது.

எனக்கு ஆறாத விஷயம் வேறு. மொத்தத்தில் எச்.டி.எல்லை மட்டும் கழித்தால் நான்-எச்.டி.எல், அதாவது நல்லது போக மிச்சக் கொழுப்பு. அதில் ஊகமே கிடையாது, பட்டினியும் வேண்டாம். எனக்கு 112. 55 இலக்கு உள்ளவனுக்கு அது 85-க்குக் கீழே இருக்க வேண்டுமாம். ஆக, முதல் ரிப்போர்ட்டே உண்மையைச் சொல்லியிருக்கிறது, கூடுதலாக ஒரு பைசா இல்லாமல். அந்த ஒரு வரியை அவர்கள் அச்சிடவில்லை. டாக்டர்கள் பட்டியலை அரைப் பக்கம் விளம்பரமாகப் போட மட்டும் அதில் இடம் இருக்கிறது.

உரிமையாளரிடம் இரண்டு வரி கேட்டிருக்கிறேன்: எல்.டி.எல் பக்கத்தில் 'கணக்கிட்டது' என்ற சொல், கீழே நான்-எச்.டி.எல். "பார்க்கலாம் அண்ணாச்சி" என்றார். அடுத்த மாதம் ரத்தம் கொடுக்கப் போகும்போது பார்க்கிறேன். அதுவரை ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். அதில் இரண்டு அந்தத் தம்பியின் கைக்கு.