லேஆஃப் ஆனபின் நீண்ட பயணம்: விண்ணப்பம் முதலிலா, விமானம் முதலிலா?

கனடாவில் வேலை போனதும் பலருக்கு வரும் யோசனைதான்: இத்தனை வருடம் கிடைக்காத நேரம் இப்போது கிடைத்திருக்கிறது, சில மாதம் ஊருக்குப் போய்விட்டு வருவோம், ஈஐயை (வேலை இழந்தவர்களுக்குக் கனடா அரசு தரும் வேலையின்மைக் காப்பீட்டுப் பணம்) வந்து பார்த்துக்கொள்ளலாம். நான் ஈஐக்கு விண்ணப்பித்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன். இன்னொருவர் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

வெளிநாட்டில் இருக்கும் நாட்களுக்கு வழக்கமான ஈஐ பணம் கிடையாது. நெருங்கிய உறவினரின் இறுதிச் சடங்கு, வேலைக்கான நேர்முகம் போன்றவற்றுக்குச் சில நாள் விலக்கு உண்டு, அவ்வளவுதான். சொல்லாமல் போய் வாங்குவதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை. எல்லைப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பணத்தைத் திருப்பிக் கட்டுவதோடு அபராதமும் வரலாம்.

ஆக, முதலில் விண்ணப்பித்தாலும் திரும்பி வந்து விண்ணப்பித்தாலும் பயண நாட்களுக்குப் பணம் இல்லை. பிறகு எதற்கு முதலிலேயே விண்ணப்பிக்க வேண்டும்? எல்லாம் அந்த 52 வாரக் கணக்கால்தான்.

எத்தனை வாரம் பணம் கிடைக்கும் என்பதை, விண்ணப்பத்துக்கு முந்தைய 52 வாரங்களில் உழைத்த மணிநேரமும் உங்கள் பகுதியின் வேலையின்மை விகிதமும் தீர்மானிக்கின்றன. வாரம் 35 மணி என்றால் ஒரு வருடத்துக்கு 1,820 மணி. 17 வாரம் சுற்றிவிட்டு வந்து விண்ணப்பித்தால் அதே கணக்கு 1,225 ஆகிவிடும். 40 வாரம் கழித்து வந்தால் மிஞ்சுவது 420 மணி. வேலையின்மை மிக அதிகமான பகுதிகளில் மட்டுமே ஈஐ கிடைக்க அது போதும், மற்ற இடங்களில் 700 வரை கேட்பார்கள். ஊர் சுற்றும் ஒவ்வொரு வாரமும் உழைத்த ஒரு வாரத்தைப் பின்பக்கமாக அழித்துக்கொண்டே போகிறது. கடைசி வேலைநாளிலிருந்து நான்கு வாரத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. தாமதத்துக்கு நல்ல காரணம் கேட்பார்கள். சுற்றுலா அதில் சேராது.

முதலில் விண்ணப்பித்தால் 1,820 மணியும் அப்படியே பதிவாகிவிடும். அதற்கப்புறம், கிடைத்த வாரங்களுக்கான பணத்தை வாங்கி முடிக்க இன்னொரு 52 வாரக் கடிகாரம் ஓடும். உங்களுக்கு 38 வாரம் கிடைத்தது, 13 வாரம் வெளிநாட்டில் இருந்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 52இல் 13 போக 39, பணம் தராத காத்திருப்பு வாரம் ஒன்று போக 38. ஒரு வாரம்கூட வீணாகவில்லை! 17 வாரம் போனால் நான்கு வாரம் நஷ்டம்.

இதிலும் சிரமம் இல்லாமல் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அறிக்கை கொடுக்க வேண்டும். நாட்டுக்கு வெளியே இருந்தீர்களா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று உண்மையாகப் பதில் சொல்லி, தேதிகளைப் போடுங்கள். அறிக்கை விட்டுப்போய்க் கோரிக்கை முடங்கினாலும், 52 வாரத்துக்குள் திரும்பி வந்து மறுபடி தொடங்கிக்கொள்ளலாம். போய்விட்டு வந்து விண்ணப்பிப்பவருக்கு இந்த வேலை இல்லை. அந்த வழியில் எனக்குத் தெரிந்த ஒரே நிம்மதி அதுதான்.

வேலைநீக்க இழப்பீடு எனக்குச் சிறிய தொகைதான், அதனால் அந்தப் பக்கம் என் அனுபவம் குறைவு. வழக்கமான விதிப்படி அந்தத் தொகையை வாரச் சம்பளக் கணக்கில் பிரித்து, அத்தனை வாரம் ஈஐயைத் தள்ளிவைப்பார்கள். இந்த விதியை 2025இல் தற்காலிகமாக நிறுத்திவைத்தார்கள். பெரிய தொகை வாங்கியவர்கள், தங்கள் விண்ணப்பத் தேதிக்கு எந்த விதி பொருந்தும் என்று ஈஐயைக் கையாளும் அரசு அலுவலகமான சர்வீஸ் கனடாவிடம் கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள். அப்படித் தள்ளிவைக்கும் வாரங்கள் இருந்தால், பயணத்தை அவற்றுக்குள் வைத்துக்கொள்வதுதான் லாபம்.